கொச்சியில் பார்த்த மேகம்

கொச்சி எப்படி இருந்தது என்று ஊரில் கேட்டார்கள். கப்பலிலிருந்து இறங்கி ஒரு பகல் அங்கே இருந்தேன். ஆனால் நான் அதிகம் பார்த்தது வானத்தைத்தான்.

மும்பையில் வேலை பார்க்கும் மகன் எடுத்துக் கொடுத்த பயணம் அது. மும்பையில் ஏறி, கொச்சியில் ஒரு பகல் நின்று, லட்சத்தீவு பார்த்துத் திரும்ப வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தீவின் மேல்தான் ஆசை. வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்திருந்தார். எனக்கோ ஓடைப்பட்டியில் விட்டுவந்த திராட்சைத் தோட்டமே கண்ணுக்குள் நின்றது. பந்தல் முழுக்கப் பழம். வியாபாரி வெள்ளிக்கிழமை வெட்டுவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும்.

கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் ஊர் நெருங்கி வந்தது. தென்னைகள், கிரேன்கள், நடுவே டவுன் பஸ்ஸில் போவது போலச் சாதாரணமாகப் படகில் போகும் ஜனங்கள். இதே ஊருக்கு என் வீட்டுக்காரர் திராட்சை லோடு ஏற்றிப் பலமுறை வந்திருக்கிறார். மார்க்கெட்டைத் தாண்டிக் கடலைப் பார்த்ததில்லையாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான், இங்கிலீஷ் அறிவிப்பை நம்பாமல், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

கரையில் நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்துத் தொங்க, பெரிய வலை தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்தது. உள்ளே ஒரு கை மீன். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. திரும்ப இறக்கினார்கள்.

அப்போதுதான் மேற்கே கருத்தது. எங்கள் பக்கம் மேற்கே மலை. மலை கருத்தால் ஆள் கூப்பிட ஓட வேண்டும். என் கால் அப்படியே பரபரத்தது. இங்கே மேற்கே வெறும் கடல்தான் என்று பிறகுதான் உறைத்தது. அது இன்னும் பயமாகிவிட்டது. எங்கள் மலைக்கு வரும் மேகம் கிளம்புகிற இடத்திலேயே நிற்கிறேன்.

டீக்கடை அம்மா, இது தினமும் வந்து போவதுதான் என்று மலையாளத்தில் சொன்னார். கேரள மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போன பழக்கத்தில் எனக்குப் புரிந்தது. எங்கே போகும் என்று கேட்டேன். கிழக்கே கையைக் காட்டினார்.

குமுளி பஸ் ஏறினால் பொழுது சாய வீட்டுக்குப் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மேகத்தோட பந்தயம் விடப்போறியாக்கும்" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, நானும் வாறேன். தீவு அங்கனயேதான கிடக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஓரகத்திக்குப் போன் போட்டேன். தோட்டத்தில்தான் நின்றாள்.

"இங்கனயும் கருக்கத்தான் செய்யுதுக்கா. ஆளுக வந்துட்டாக. பெஞ்சா கம்பியத் தட்டித் தண்ணிய உதுத்துருவோம். நீங்க வந்து குடை பிடிக்கப் போறீகளா?"

அட்டையை வாங்கி அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டேன். கப்பல் கிளம்பிக் கரை மறைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது.

தீவில் அவர் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன், செத்த போனைக் கையில் பிடித்தபடி.

ஊருக்கு வந்து பார்த்தால் மேற்கு வரிசைகள் வெடித்திருந்தன. மற்றதை ஓரகத்தி காப்பாற்றி, வெட்டியும் அனுப்பியிருந்தாள். நீ இருந்திருந்தாலும் இவ்வளவுதான் மிஞ்சியிருக்கும் என்றார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீவுத் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று சொல்லிக்கொண்டே அவர் கெட்ட குலைகளை வெட்டினார். நான் கேட்டுக்கொண்டே கூடையை நகர்த்தினேன்.