ஈரத்தை அளந்துவிட்டுச் சொல்லாமல் இருந்த பெட்டி

இது நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கச்சிராயபாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மண் காய்ந்தால் மோட்டாரைத் தானே ஓடவிடும் பெட்டி ஒன்றை, என் தங்கை மகள் கவிதா தங்கள் மரவள்ளிக் கொல்லைக்குச் செய்திருந்தாள். மோட்டார் நிற்கவே இல்லை. கொல்லை முழுக்கத் தண்ணீர்.

இன்று காலை அவள் அப்பா ஒரு செடியைப் பிடுங்கினார். "இன்னா மச்சான் இது, கெழங்கு கொழகொழன்னு அழுவிப்போச்சே. வருசப் பாடு போச்சு."

கவிதா லேப்டாப்பைத் திறந்தாள். "சென்சார் அளந்துகினுதான் இருக்குது மாமா. அளந்ததைத் திருப்பி அனுப்புற ரிட்டர்ன் வரிதான் புரோகிராம்ல இல்ல. பதில் வராததால ஈரம் பூஜ்ஜியம்னு நெனச்சிக்கினு மோட்டாரை ஓட்டியிருக்குது. நான்தான் மறந்துட்டேன்."

"ராக்கெட் வுடுறவனே என்னைக் கேட்டுத்தான் ரிட்டர்ன் போடுறான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

முன்பே சொன்னேன் என்றது மட்டும் பொய். அவள் நோட்டில் எழுதியிருந்த புரோகிராமை நான் வாசிக்க வாசிக்கத்தான் அவள் டைப் அடித்தாள். அதுதான் அளந்தாகிவிட்டதே, இது எதற்கு என்று கடைசியில் இருந்த அந்த ரிட்டர்ன் வரியை வாசிக்காமல் விட்டவன் நான்.

அவள் ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நேரில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.