இத்தாலிக்காரியும் கடைசி நாலு நிமிஷமும்

படம் ஓட்டுகிறவன் படம் பார்க்கிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைக் கண்டால் எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "உமக்கென்ன வே, தினம் ஓசியில சினிமா!" ஓசிச் சினிமாவாம்! நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கினவர்கள் யாராக இருந்தாலும் என் கட்சி. அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்ததெல்லாம் திரையில் வெளிச்சம் மங்குகிறதா, சத்தம் பிசிறுகிறதா, ரீலில் ஒட்டுப் போட்ட இடம் விட்டுக்கொள்ளுமா என்பதுதான். கதாநாயகி பிழைத்தாளா செத்தாளா என்று பல படங்களில் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் நான் ஆப்பரேட்டராக இருந்த தியேட்டரைக் கூரை மாற்றுவதற்காக மூடிவிட்டார்கள். சும்மா இருந்த என்னை ஒரு ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். டெல்லியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு பழைய இத்தாலிப் படம் வந்திருக்கிறது, கறுப்பு வெள்ளை. சின்ன புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய், கூப்பிட்ட இடத்திலெல்லாம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே போட்டுக் காட்ட வேண்டும். மொத்தம் பதினொரு இடம்.

எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். மூத்தவன் மணி கல்ஃபுக்குப் போய் ஒன்றரை வருஷம். அவனிடமிருந்து கடுதாசி வந்து ஏழு மாசம். என் வீட்டுக்காரி பார்வதி தினமும் பத்தரை மணிக்கு, தபால்காரர் வருகிற நேரம் பார்த்து, ஆரியசாலையில் எங்கள் சந்து முனையில் போய் நிற்பாள். அவர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேரும் அதைப்பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்தியிருந்தோம்.

தீராத படம்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்தாயிற்றா, ஜனம் எழுந்துவிடும். 'சுபம்' வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. முதல் நாற்காலி கிரீச்சென்றதும் நாங்கள் ஹால் விளக்கைப் போட்டுவிடுவோம். இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகவே சுவிட்சுக்குப் போகும்.

முதல் காட்சியில், இத்தாலிப் படத்தின் கடைசி ரீலில் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு அம்மாள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். அரை நிமிஷம் பொறுத்தேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சென்றது. விளக்கைப் போட்டு, மிஷினை நிறுத்தி, லென்ஸுக்கு மூடியும் போட்டுவிட்டேன். சொசைட்டி செக்ரட்டரி ஒரு காலேஜ் வாத்தியார். தாடி, தோள்பை சகிதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எந்தா முத்தையா இது! படம் தீர்ந்நில்லா! ஆ அம்ம இனியும் நாலு மினிட் அவிடெ இரிக்கும்!"

வீட்டில் கேட்ட கேள்வி

படம் முடியவில்லையாம், அந்த அம்மாள் இன்னும் நாலு நிமிஷம் அங்கேயே இருப்பாளாம். அவர் சொன்னபடியே மறுபடி ஓட விட்டேன். இருந்த கடுப்பில் வெளியே போய் ஒரு டீ குடித்தேன். நல்ல டீ. அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தால் நான் டீக்கடையில் உட்காருவேன். அவள் எழுந்திருக்கும்போது நான் திரும்பி வந்துவிடுவேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது பார்வதி என்ன படம் என்று கேட்டாள். "ஒரு பொம்பள நாலு நிமிசம் பஸ் ஸ்டாப்புல சும்மா இருக்கா. அதுக்குப் போய் கைதட்டுகானுவ" என்றேன். கதை எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் செக்ரட்டரி இருபது நிமிஷம் பேசிச் சொல்லிவிடுவாரே! மகன் வேறு நாட்டுக்குச் சுரங்க வேலைக்குப் போகிறான். கொஞ்ச நாளில் அவன் கடுதாசி நின்றுபோகிறது. இதைப் போய் இவளிடம் எந்த வாயால் சொல்வது? ரசத்தை ஊற்றிக்கொண்டேன். எச்சில் இலையை எடுக்கும்போதுதான் கேட்டாள்.

"அந்தப் பொம்பள யாருக்காவ இருக்கா?"

மிளகாய் மண்டி

எங்கள் ஆரியசாலையிலேயே வியாபாரிகள் சங்கத்து மாடியில் ஒரு காட்சி போட்டோம். கீழே மிளகாய் வற்றல் குடோன். வந்தவர்களில் பாதிப்பேர் சிரிப்புப் படம் என்று நினைத்து வந்தவர்கள். முதல் அரைமணி நேரம் கனைப்பும் கொட்டாவியும்தான். மண்டிக்காரர் ஒருத்தர், தொண்டையைத் திறந்தால் சாலைக் கடைத்தெரு முழுக்கக் கேட்கும், ஒவ்வொரு சீனுக்கும் "சண்டை உண்டுமா?" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு சீன். அந்த அம்மாள் மேசையில் இரண்டு தட்டு வைப்பாள். சாப்பிட்டு முடித்து, மற்றத் தட்டை அப்படியே கழுவாமல் அலமாரியில் எடுத்து வைப்பாள். அவ்வளவுதான் சீன். மண்டிக்காரரின் சத்தம் நின்றது. படம் முடிந்து விளக்கைப் போட்டால், மனுஷர் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் என்மேல் பாய்ந்தார்.

"மொளகா குடோனுக்கு மேல படம் போட்டா கண்ணு எரியாம என்ன வே செய்யும்?"

வியாக்கியானம்

மாணவர்களுக்கு ஒரு காட்சி. பாவம், நல்ல பிள்ளைகள், ஆனால் படம் முடிந்தால் எழுந்து போகத் தெரியாதவர்கள். அந்த நாலு நிமிஷத்துக்கு ஒன்றரை மணி நேரம் விவாதம். பெஞ்சுதான் வர்க்கம் என்றான் ஒருவன். இல்லை, பஸ்தான் சரித்திரம் என்றான் இன்னொருவன். திரையைக் கழற்றலாமென்றால் அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரு காலில் கொஞ்ச நேரம், மறுகாலில் கொஞ்ச நேரம் என்று நின்றேன்.

ஒரு கண்ணாடிக்காரப் பையன் என் பக்கம் திரும்பி, "சேட்டனு எந்து தோன்னி?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குத் தோன்றியது கால்வலி மட்டும்தான் என்று உள்ளதைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டான்.

"அதும் ஒரு வ்யாக்யானமாணு, சேட்டா."

கல்லாற்றில் கரண்ட் போனது

பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில், ஒரு வாசகசாலையில் போட்டோம். அங்கே கட்டட வேலைக்கு வந்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நிறைய. வேட்டியில் சிமெண்டுக் கறையோடு தரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ரீலில், பஸ் ஸ்டாப்புக்கு முன்னால், மகனைக் காட்டுவார்கள். சுரங்கத்தில் வேலை போய்த் தகரக் கொட்டகையில் கட்டில்மேல் இருக்கிறான். மடியில் தாள், கையில் பேனா. எழுதுவதுபோல் குனிவான், நிமிர்வான். சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது.

மழை நேரம், இனி எப்போது வருமோ என்று தலையில் கைவைத்தேன். ஒருத்தரும் எழவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த கொத்தனார் ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அவன் எழுத மாட்டான், பாருங்க" என்றார். படத்தை முன்னாலேயே பார்த்திருக்கிறீரோ என்றேன். இத்தாலி எந்தத் திக்கில் இருக்கிறது என்றே தெரியாது என்றார். அப்புறம் எப்படி என்று கேட்டதற்கு மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே மடித்த தாள்கள். எனக்குக் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை. அவர் சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர மண்டைக்குள் விடவில்லை.

"வேலை போயி மூணு மாசம் சும்மா இருந்தப்ப வாங்கின தாளு அண்ணாச்சி. ஒண்ணுலயும் 'அன்புள்ள அம்மா'வுக்குக் கீழ ஓடல."

ஸ்ரீவராகம்

கடைசிக் காட்சி ஸ்ரீவராகத்தில், அக்ரஹாரத் தெரு முனையிலிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஜன்னலுக்குத் துணி கட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தால், மூன்றாவது வரிசையில் பார்வதி! அந்தத் தெருவில் ஒரு மாமி வீட்டுக்கு அவள் முறுக்கு சுற்றப் போவது வழக்கம்; மாமிதான் கூட்டி வந்திருக்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செக்ரட்டரி எழுந்து கதையைச் சொல்லத் தொடங்கினார். அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாழ்நாளில் அந்தமாதிரிப் பார்வையை நான் வாங்கினதில்லை.

படம் ஓடியது. தட்டுச் சீன் வந்தது. மகன், தாள், பேனா வந்தது. பிறகு பஸ் ஸ்டாப். அந்த அம்மாள் உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் டீ குடிக்கப் போகவில்லை. ஏழு மாசமாகச் சந்து முனையில் நிற்கிறவளை இங்கே வேறு உட்காரவைத்து இதைப் பார்க்கவிட எனக்கு மனசு வரவில்லை. நாற்காலி கிரீச்சென்று சத்தம் போடும்வரைகூடக் காத்திராமல் விளக்கைப் போட்டுவிட்டேன். நல்லவேளை, செக்ரட்டரி வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். படம் தீர்ந்தது என்று ஜனம் எழுந்துவிட்டது. மாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்தப் பிள்ளை வந்து இறங்குவானோன்னு பாத்துண்டிருக்கேன், அதுக்குள்ள லைட்டைப் போட்டுட்டேளே!"

மீதி எங்கே

மண்டபம் காலியாயிற்று. பார்வதி எழுந்திருக்கவில்லை. நான் வயரைச் சுற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"மீதி எங்க?" என்றாள்.

"என்ன மீதி? தீந்துட்டு."

"நாலு நிமிசம் இருப்பான்னு நீங்கதான சொன்னிய. இப்பம்தான வந்து இருந்தா."

"சும்மா இருக்கா பார்வதி. அதுல பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் சத்தம் போடவில்லை.

"நான் ஏழு மாசமா நிக்கேன். ஒங்களுக்கு நாலு நிமிசம் பொறுக்க முடியல்ல, இல்லியா?"

ஒரே ஆளுக்கு ஒரு காட்சி

கடைசி ரீலைத் திருப்பிச் சுற்றி முதலிலிருந்து போட்டேன். மிஷினை ஓட விட்டுவிட்டு, தொழிலில் முதல்முறையாக, படம் பார்க்கிறவனாக அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தகரக் கொட்டகையில் மகன் குனிந்தான், நிமிர்ந்தான், தாளை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். அந்தத் தலையணைக்கு அடியில் முன்னாலேயே வேறு தாள்கள் இருந்தன. பிறகு பஸ் ஸ்டாப்.

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை ஐயா! பத்து இடத்தில் நான் சொல்லித் திரிந்தது பொய். மூன்றாவது நிமிஷத்தில் சால்வை நுனியை எடுத்து, பெஞ்சில் தன் பக்கத்து இடத்தைத் துடைக்கிறாள். ஒரு ஆள் உட்காருகிற இடம். தூசி போய்விட்டதா என்று குனிந்தும் பார்த்துக்கொள்கிறாள். பஸ் வருகிறது, நிற்காமல் போகிறது. மறுபடியும் அந்த இடத்தைத் துடைக்கிறாள். தினம் பத்தரை மணிக்குச் சந்து முனைக்குப் போகுமுன் இவள் கொடியில் கிடக்கிற மணியின் வேட்டியை உதறி மடித்து வைப்பதை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! பார்த்துவிட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். விசும்பி விசும்பி அழுதேன். குடோன் மேல்மாடியில் இருந்திருந்தால் மிளகாயைச் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

பார்வதி அழவில்லை. ரீல் தீர்ந்து வால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவன் மறக்கல்ல. மணிக்கு வேலை போயிருக்கு. வெக்கத்துல எழுதாம இருக்கான். நாளைக்குக் காலம்பற நான் சொல்லுகத அப்படியே எழுதுங்க."

கடுதாசி

அதுவரை நான் எழுதிப் போட்ட ஆறு கடுதாசியிலும் ஏன் எழுதவில்லை, ஏன் எழுதவில்லை என்றுதான் கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. 'மக்கா, உனக்கு வேலை இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அதுக்காக எழுதாமல் இருக்காதே. ஒன்றும் எழுத வரவில்லை என்றால் வெறுந்தாளை மடித்துப் போடு, நான் படித்துக்கொள்வேன்.' இவ்வளவுதான். விலாசம் எழுதி அன்றைக்கே தபாலில் போட்டேன்.

அஞ்சாவது வாரம் தபால்காரர் தலையை ஆட்டவில்லை, கையை ஆட்டினார். வெறுந்தாள் இல்லை, இரண்டு பக்கமும் எழுதியிருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள், ஆறு மாசம் ஒருத்தன் அறையில் ஒண்டிக்கொண்டு இருந்தான், இப்போது ஒரு ரொட்டிக் கடையில் சேர்ந்திருக்கிறான். அதையெல்லாம் பிறகுதான் படித்தோம். முதல் வரியைப் படித்ததும் பார்வதி அங்கேயே, சந்து முனையிலேயே, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எனக்கு வேலை இல்லேன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

இதற்கு நான் என்னவென்று பதில் எழுத, சொன்னது ஒரு இத்தாலிக்காரி என்றும், அவள் சொன்னபோதெல்லாம் உன் அப்பன் டீக்கடையில் இருந்தான் என்றுமா?