பிரேக்குக்குப் போட்ட எலுமிச்சம்பழம்

வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த எங்கள் பஸ் கள்ளக்குறிச்சி ஷெட்டுக்குள் நுழைந்து நின்ற பிறகும், டிரைவர் ஏழுமலை ஸ்டியரிங்கை விடவில்லை.

"இன்னாண்ணே, பேயடிச்ச மாதிரி குந்திக்கினு கீற?" என்றேன்.

"வளைவுல பிரேக்கு புடிக்கல மேஸ்திரி. கியர்லயே எறக்கினு வந்தேன். பின்னாடி பூரா ஜனம். இன்னொரு வாட்டி என்னால ஆவாது."

ஷெட் மெக்கானிக் நான்தான். வீலைக் கழற்றினேன். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் தேய்ந்துபோய், அதை இறுக்கும் ரிவெட்டு ஆணி டிரம்மைச் சுரண்டியிருந்தது. இந்த லைனிங்கைத்தான் முதலாளியிடம் வாய் வலிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டிரம்மைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

"வண்டிக்குக் கண்ணு பட்டுக்கீதுய்யா. சாமிகிட்ட போன்ல கேட்டுட்டேன். டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் பத்தாதாம், ரெண்டா வெக்கணுமாம். நாளைக்குச் சாமியே வந்து பூஜை போடுறாரு. முடிஞ்சதும் வண்டி மலைக்குப் போவட்டும்."

சாமி, சங்கராபுரம் பக்கம் அருள்வாக்கு சொல்பவர். என் வாய் அடங்கட்டும் என்று மனைவி அவரிடம்தான் எனக்குக் கயிறு கட்டிவைத்தாள். கயிறு அறுந்துவிட்டது. வாய் அடங்கவில்லை.

பிரேக் ஷூவில் லைனிங் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கம்பி போட்டுக் கட்டினேன். டிரம்முக்கு விபூதிப் பட்டை அடித்துக் குங்குமம் வைத்தேன்.

"ரெடி மொதலாளி. சாமி ஃபிட்டிங்கு!"

ஷெட்டே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

"சாமியவே கிண்டல் பண்றியா? பழைய லைனிங்க மாட்டிட்டு வூட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வராத."

மறுநாள் டூல் பாக்ஸை எடுக்கப் போனேன். பூஜை முடிந்து, டயருக்கு இரண்டாகப் பழம் காத்திருந்தது. ஜனங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சீட்டிலிருந்து ஏழுமலை என்னையே பார்த்தார். போன வேலை போனதுதான் என்று சாமியின் முன்னால் போய்க் கைகூப்பினேன்.

"சாமி, நீங்களே மொத சீட்டுல குந்திக்கினு மலைக்குப் போயிட்டு வந்தா ஜனத்துக்கு நம்பிக்கை வருமுங்க."

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க சாமி! மலை ஜனம் பூரா உங்க காலுல வுழும்!"

சாமி படியில் ஒரு காலை வைத்தார். அப்படியே நின்றார். மெதுவாக ஏழுமலையைக் கேட்டார்:

"பிரேக்கு எப்பிடிப்பா கீது?"

"உங்க புண்ணியத்துல ரிவெட்டு மட்டும் பாக்கி கீதுங்க."

சாமி காலை இறக்கினார். கண்ணை மூடினார். உடம்பு குலுங்கியது.

"லைனிங்கு கேக்குறாடா ஆத்தா! நாலு வீலுக்கும் புது லைனிங்கு கேக்குறா!"

ஜனங்கள் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலாளி பைக்கில் பறந்துபோய் லைனிங்கோடு வந்தார். "இன்னாய்யா நின்னுகினு கீற? ஆத்தாவே கேட்டுட்டா, மாட்டுய்யா!" என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தியது அவருக்கு நினைவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

சாமிக்குப் பெயர் ஏகத்துக்கும் ஏறிவிட்டது. போகட்டும், பிரேக் பிடிக்கிறது.

இப்போது கிளட்ச் பிளேட் தேய்ந்து கிடக்கிறது. முதலாளியிடம் சொன்னேன். வானத்தைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு சாமியிடமே போனேன்.

"அதால வண்டியில குந்திக்கினு கீறவனுக்கு எதனா ஆவுமா?" என்றார்.

"ஆவாதுங்க. மேடு ஏறாம நின்னுடும், அவ்ளோதான்."

"அப்ப ஆத்தா கேக்க மாட்டாப்பா."

புதிதாக ஸ்பேனர் பிடிக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த ஸ்பேர் வேண்டுமானாலும், கொடுக்க வேண்டியவரை முதலில் வண்டியில் ஏற்றுங்கள். பிறகு கேளுங்கள்.