போர்வெல் குழிக்குள் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பட்டாளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன், செத்தவர்களைத் தோளில் சுமந்து மலை இறங்கியவன், ஒருவனும் திரும்பி வந்து என்னிடம் பேசியதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஓய்வு பெற்று மோகனூர் பக்கம் ஊருக்கு வந்த பிறகு எதைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டியது. கறிக்கடை ஈ, பந்தியில் இலையோரம் வழிகிற குழம்பு, இளித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரும் சொந்தக்காரர்கள், எல்லாமே. எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. "கேன்டீன் சரக்கு ரெண்டு பாட்டில் கெடைக்குமுங்களா?" அதுதான் கேள்வி. தூக்கம் வராமல் சேலத்தில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிட்டேன், அது தெரிந்ததும் மிலிட்டரிக்காரருக்குக் கழண்டுவிட்டது என்று ஊரே பேசியது. பாட்டில் கேட்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

போன கோடையில் என் தங்கச்சி வீட்டுக்காரர் தோட்டத்தில் போர் போட்டார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்திருந்தது. பட்டப்பகல், கொளுத்துகிற வெயில், அறுநூறு அடி தாண்டியும் வெறும் புழுதிதான். அந்த நேரத்திலும் மாப்பிள்ளை என் தோளில் கை போட்டு, "மச்சான், தண்ணி மட்டும் வரட்டும், பசங்களுக்கெல்லாம் உங்க ரம்முதானுங்க" என்றார். அவர் வாயில் பாக்கு நாற்றம். கையைத் தட்டிவிட்டுக் குழியருகே போய் நின்றேன்.

அடுத்த ராடு மாட்டுவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். இரைச்சல் அடங்கியதும் குழியிலிருந்து என் முகத்தில் காற்று அடித்தது பாருங்கள், நம்பினால் நம்புங்கள், பனிமலைக் காற்று. கூடவே மண்ணெண்ணெய்ப் புகை, ஈரக் கம்பளி, வாரக்கணக்கில் குளிக்காத உடம்பு எல்லாம் கலந்த நாற்றம். பனிமலையில் காவல் இருந்தபோது எங்கள் கூடாரத்தில் அடித்த நாற்றம் அது, வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. அதற்குப் பின்னால் குரல்.

"ஹாத் தே... ஹாத் தே..."

இந்தியில் கை கொடு என்று அர்த்தம். தேவேந்தர் என்று ஒருவன், கூடாரத்தில் எனக்குப் பக்கத்தில் படுக்கிறவன், பனிச்சரிவில் புதைந்தபோது அப்படித்தான் கத்தினான். நகம் பிய்ந்து போகும் வரை நாங்கள் தோண்டினோம். ஆள் கிடைக்கவில்லை.

குழிக்குள் குனிந்து பார்த்த நான் அதன் ஓரத்திலேயே வாந்தி எடுத்தேன். "மச்சானுக்குப் பகல்லயே ஏறிருச்சாட்ட இருக்குது" என்று மாப்பிள்ளை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மோர்ச் சொம்போடு என் பின்னால் நின்றிருந்த தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, குழிக்குள்ளார ஆரோ ஆத்தே, ஆத்தேன்னு கத்துனாங்களே, உங்களுக்குங் கேட்டுச்சுங்களா?"

அவளுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ரிக் வண்டியில் வடநாட்டுப் பையன்கள் இருந்திருப்பார்கள் என்பீர்கள். விசாரித்துவிட்டேன், அன்றைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் நம்ம பக்கத்து ஆட்கள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பீறிட்டது. ஐஸ் போல இருக்கிறது என்று எல்லாரும் அள்ளி அள்ளிக் குடித்தார்கள். எனக்கு அதில் மண்ணெண்ணெய் நாறியது, இன்றுவரை அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

டாக்டரிடம் சொன்னேன். நல்ல மனிதர், அவர் ஒருவர்தான் முகம் சுளிக்காமல் கேட்பார். மனதில் கிடப்பது சில நேரம் காதில் கேட்கும், உங்களை அறியாமல் நீங்களே வாய்விட்டுக் கத்தியிருக்கலாம், தங்கச்சி அதைக் கேட்டிருப்பார் என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. நேரே போய்த் தங்கச்சியிடம் கேட்டேன், "நானா கத்துனேன்?"

"இல்லீங்ண்ணா, நீங்க வாயப் பொத்திக்கிட்டுல்ல நின்னீங்க" என்றாள். "சத்தம் கீழருந்துதான் வந்துச்சு. மொதல்ல கிட்டத்துல கேட்டுச்சு. நீங்க குனிஞ்சு பாக்கப் பாக்க, அது தள்ளித் தள்ளிப் போயிருச்சுங்க."

பனியில் நாங்கள் தோண்டத் தோண்ட அந்தக் குரலும் அப்படித்தான் தள்ளிப் போனது. அதை நான் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.