சனிக்கு மட்டும் போட்ட கோடு

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, என் வீட்டுக்காரர் அவள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு சூலூரில் ஒரு ஜோசியரிடம் போனார். நானும் கூடப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பேசுகிற இடத்தில் எனக்கு வாய் வராது. ஜோசியர் சனி நின்ற சிம்மக் கட்டத்தில் விரலை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் துலாத்தில் நிறுத்தினார். மகளுக்கு அது ஏழாமிடம், மாப்பிள்ளையைச் சொல்கிற இடம்.

"சனி மூணாம் பார்வையா இந்த இடத்தைப் பார்க்குதுங்க. கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்" என்றவர், பேசிக்கொண்டே சிவப்புப் பேனாவால் அந்தக் கட்டத்துக்கும் இந்தக் கட்டத்துக்கும் சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் தானும் எண்ணிப் பார்த்தார். சனி நிற்கும் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து எண்ணினார். "இதென்ன, விருச்சிகத்துக்கல்ல போகுது? நம்ம புள்ளைக்கு ஒண்ணுமில்ல போ" என்று தறிக்குடோனுக்குக் கிளம்பிவிட்டார். நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார்.

அந்தத் தாளைத்தான் ஜெராக்ஸ் எடுத்துத் தரகரிடம் கொடுத்தோம். ஜெராக்ஸில் சிவப்பு கறுப்பாகி, கட்டத்தோடு பிறந்த கோடு மாதிரி விழுந்தது. தாளைக் கையில் வாங்குகிறவர்களுக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது. பெண் என்ன படித்திருக்கிறாள் என்றுகூடக் கேட்காமல் திருப்பி அனுப்பினார்கள். தரகர் வந்தால் மகள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். எனக்கு அந்தக் கதவுச் சத்தம்தான் தாங்கவில்லை.

ஒருநாள் தாராபுரத்திலிருந்து ஒரு பையனின் அம்மா தானே வந்தார். தரகரிடம் கொடுத்தனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று தாளை நேரில் திருப்பித் தர வந்திருந்தார். வீட்டுக்காரர் வீட்டில் இல்லை.

"தப்பா நினைக்காதீங்க அம்மணி. கோடு போட்டிருக்குதுங்களே, ஊட்ல பெரியவங்க யோசிக்கறாங்க" என்றார்.

காப்பி டம்ளரை வைத்துவிட்டு நான் நின்றேன். உள்ளே கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. காலண்டரில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை அறுத்து எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க குரு நிக்குதுங்க" என்று மிதுனத்தைத் தொட்டேன். குருவுக்கு ஐந்தாம் பார்வை உண்டு என்று கோயிலில் கேட்டிருந்தேன்; ஐந்து வரை எண்ணினேன். துலாத்தில் வந்து நின்றது. "குருவும் இதே கட்டத்தைத்தானுங்க பார்க்குது. அதுக்கு யாரும் கோடு போடலீங்க."

போட்டேன். சனியின் கோடு குட்டை. குருவுடையது மேல் மூலையிலிருந்து நீளமாக இறங்கி வந்தது. கொஞ்சம் கோணல்.

அவர் என்னையும் தாளையும் பார்த்தார். "ஏனுங்க, நீங்க சோசியம் படிச்சவங்களா?"

"இல்லீங்க. மூணாவது வரைக்கும்தான் படிச்சேன். எண்ணத் தெரியுமுங்க."

அவர் சிரித்துவிட்டார். "குரு பார்த்தா கோடி நன்மைன்னு எங்க ஊட்லயும் தினம் சொல்லுவாங்க. கட்டத்துல தேடினவங்கதான் ஒருத்தருமில்ல." தாளை மடித்து மறுபடியும் தன் பைக்குள்ளேயே வைத்தார். "ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிட்டு வாரேனுங்க. புள்ளை ஊட்ல இருக்குமல்ல?"

நான் பதில் சொல்வதற்குள், "இருப்பேனுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டே, "தரகர் பேசினாரா?" என்று கேட்டார்.

"நான்தானுங்க பேசினேன்."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "கண்ணு, உங்கம்மா என்னமோ சொல்றா, நெசந்தானா?" என்று மகளைக் கேட்டார்.