மை பூசிய வேலைக்காரன்

வளைகுடா நாட்டில், சத்வா என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில், வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவருக்கு நான் ஹோம் நர்ஸ். ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் லண்டனில். பக்கவாதத்தில் கால் விளங்காமல் போனபின் அவர் வாசல் தாண்டுவதில்லை. அவரைத் தனியே விடக்கூடாது என்பதால் நானும் தாண்டுவதில்லை.

நாள் முழுக்க டிவியில் அவர் ஊர்ப் பழைய காமெடிகள்தான். அலமாரி நிறைய டிஸ்க்குகள் வைத்திருந்தார். ஒரு தொடரில் இந்திய வேலைக்காரன் ஒருவன் வருவான். முகத்தில் பழுப்பு மை பூசிய வெள்ளைக்காரன். தலையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷை உடைத்துப் பேசுவான். அவன் வாய் திறந்தாலே பின்னணியில் கூட்டம் சிரிக்கும். சாரும் சிரிப்பார். எனக்கு உடம்பு கூசும். சமையலறைக்குப் போனாலும் அந்தச் சிரிப்பு கேட்கும். போகப் போக வசனமெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. முதலாளியின் விஸ்கியை அவன் குடித்துவிட்டு, பாட்டிலில் தேத்தண்ணீர் ஊற்றி வைக்கும் இடத்தில் ஒருநாள் நானும் சிரித்துவிட்டேன்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில் சாரின் மகள் வந்தார். டிவியைப் பார்த்ததும் முகம் சிவந்து அணைத்தார்.

"இந்தக் காலத்திலேயும் இதைப் பார்ப்பாங்களா அப்பா? அதுவும் இவங்களை வெச்சுக்கிட்டு!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ரொம்ப மன்னிச்சிடுங்க."

"பரவால்ல மேடம். தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்ட லீவு என்னாச்சு?"

"வேற நர்ஸ் கிடைக்கணுமே. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

டிஸ்க்குகளை எல்லாம் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். வேறு நர்ஸ் வரவில்லை.

"ஏட்டி, லீவு குடுத்துட்டாவளா?" என்று தூத்துக்குடியிலிருந்து அம்மா தினமும் கேட்டாள். "குடுப்பாவம்மா" என்றேன்.

வீட்டில் ஏசி சத்தம் மட்டும்தான். சார் அணைந்த டிவியைப் பார்த்தபடி வசனங்களைத் தானாகச் சொல்லிக்கொள்வார். ஒருநாள் பாதியில் மறந்து தடுமாறினார். வேலைக்காரனின் அடுத்த வரியை நான் எடுத்துக் கொடுத்தேன். குலுங்கிச் சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"அவன் பேசறது உனக்குச் சங்கடமா இருந்துச்சா?"

"ஆமா சார்."

"ஏன் சொல்லலே?"

"சொல்லிட்டு நான் எங்க சார் போக?"

அவர் அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டு என் லீவுக்காகச் சண்டை பிடித்தார். கத்திக் கத்தி மூச்சு வாங்கியது. கடைசியில் பிரஷர் ஏறிவிட, நான்தான் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். "பாருங்க, இந்த நிலைமையில அவரை விட்டுட்டு எப்படிப் போவீங்க?" என்றார் மகள், போனில்.

கல்யாணத்தன்று தம்பி சர்ச்சிலிருந்து சின்னச் சின்ன வீடியோக்கள் அனுப்பினான். சார் தன் சக்கர நாற்காலியை என் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். தங்கை சிரித்துக்கொண்டே மோதிரம் மாற்றினாள். சார் கையை நீட்டி என் தோளைத் தட்டினார். எழுந்து போய் அழக்கூட எனக்கென்று அங்கே ஓர் அறை இல்லை.