தையல் மிஷின் எண்ணெயும் மூன்று துப்பாக்கிகளும்

போன மாதம் என் மனைவி மீனாவின் தையல் மிஷினை விற்றுவிடலாமென்று ஒருவரை வரச் சொன்னேன். கொட்டிவாக்கம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஓடுகிறதா என்று பார்க்க அவர் நாலு சொட்டு எண்ணெய் விட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு என் துப்பாக்கிகள் ஞாபகம் வந்துவிட்டன. மிஷினை விற்க மனமில்லாமல் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு காலத்தில் நான் கைத்துப்பாக்கி சேகரித்தவன். பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், மொத்தமே மூன்றுதான். அதற்கு மேல் சட்டம் விடாது. அடையாறில் ஒரு எஸ்டேட் மேனேஜர் வீட்டில் வாங்கிய பழைய ரிவால்வர் ஒன்று, பிஸ்டல் இரண்டு. ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழற்றித் துடைத்து, மீனாவின் எண்ணெய் டப்பாவைத் திருடி நாலு சொட்டு விட்டு, மறுபடி மாட்டுவேன். என் வீரம் அவ்வளவுதான்.

மீனாவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் பீரோவில் உரசிக் கீறல் விழுகிறது என்று நான் புலம்பியது தாங்காமல், தன் பழைய ரவிக்கைத் துணியில் மூன்று உறை தைத்துக் கொடுத்தாள். அளவெடுக்கக்கூட அவற்றைத் தொடவில்லை. நான் காகிதத்தில் வைத்து வரைந்து கொடுத்தேன்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைத்தாக வேண்டும். ஸ்டேஷனில் கொடுத்தால் மூலையில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, தி. நகரில் ஒரு மாடியில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த காசிம் பாயிடம் கொடுப்பேன். உறைகளைப் பார்த்து அவர் சிரிப்பார். "இன்னா சார், பொண்ண புகுந்த வூட்டுக்கு அனுப்பற மாதிரி கொண்டாறீங்க."

ஒரு தேர்தல் முடிந்து, திரும்ப எடுத்துவரச் செருப்பை மாட்டினேன். மீனா வாசலுக்கு வந்தாள்.

"இந்த ரெண்டு மாசமாத்தான் நிம்மதியா தூங்கறேன். அங்கயே இருக்கட்டுமே."

செருப்பைக் கழற்றிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். துப்பாக்கியே கையில் இல்லை, லைசென்ஸை எதற்குப் புதுப்பிப்பது என்று விட்டுவிட்டேன். கே.கே. நகர் வீட்டைக் காலி செய்து இங்கே வந்ததையும் பாயிடம் சொல்லவில்லை. கடையில் பத்திரமாக இருக்கிறது, எங்கே போய்விடும் என்ற நினைப்பிலேயே இருபது வருஷம் ஓடிவிட்டது. மீனா போய் இரண்டு வருஷமாகிறது. இனிமேல் யார் தூக்கம் கெடப்போகிறது என்றுதான் மிஷின்காரரை அனுப்பிவிட்டு அன்று மத்தியானமே கிளம்பினேன்.

கடை இருந்தது. பாய் இல்லை. அவர் மகள் பர்வீன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் நீட்டிய மங்கிய ரசீதை வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தா மூணு வாட்டி லெட்டர் போட்டாரு சார். எல்லாம் திரும்பி வந்துச்சு. லைசென்ஸ் போன சாமான கடையில வச்சிக்க முடியாது, போலீஸ்ல குடுத்துட்டாரு. உருக்கிட்டாங்களாம்."

கொடுக்கும்வரை பாய் வருஷா வருஷம் அவற்றைத் துடைத்து எண்ணெய் போட்டாராம், யாரும் கேட்காமலே. பர்வீன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே மூன்று உறைகள்.

"இரும்ப மட்டும்தான் எண்ணி வாங்கிக்கினாங்க. உங்க வூட்டு அம்மா தச்சதுன்னு அத்தா இத எடுத்து வச்சாரு."

பஸ்ஸில் திரும்பும்போது வெட்கமில்லாமல் அவற்றை முகர்ந்துகொண்டே வந்தேன். எண்ணெய் வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. அடிக்கடி முகர்ந்தால் போய்விடுமே என்று பீரோவில் அவள் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். அந்துருண்டை வாசனைதான் வந்தது.

மிஷினாவது பூட்டிக் கிடக்காமல் எங்கேயாவது ஓடட்டும் என்று, எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அந்த ஆளுக்கு மறுபடி போன் செய்திருக்கிறேன்.